யோசனை சொல்வோரும் நிர்வாகம் கற்போரும்

ராஜ்ய நிர்வாகம் ஒரு கலை. அதைப் புஸ்தகங்களைக் கொண்டு மாத்திரம் கற்பித்துவிட முடியாது. வைத்தியக் கல்விக்கு ஆஸ்பத்திரி எப்படியோ, சட்டக் கல்விக்கு நியாயஸ்தலம் எப்படியோ, அப்படியே நிர்வாகக் கல்விக்கு நகரசபைக் காரியாலயமும் தாலுகாக் கச்சேரியும் பஞ்சாயத்தும் இன்றியமையாதன. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வைத்திய கலாசாலை தனக்கென ஓர் ஆஸ்பத்திரியை வைத்துக்கொள்கிறது. எந்த ஸர்வகலாசாலையும் தன் மாணாக்கர்கள் பழகுவதற்கென்று ஒரு முனிசிபாலிடியை நடத்துவதில்லை. நிர்வாகம் நடக்குமிடம் ஒன்று. நிர்வாகத்தைப் போதிக்குமிடம் வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக ஏற்பட்டதே ஆலோசனைச் சபை.

அந்தச் சபை இன்னதென்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். பொது நிர்வாகப் பட்டப் படிப்பை நடத்தும் இலாகா, ஸர்வகலாசாலைக்கு வெளியேயுள்ள அநுபவஸ்தர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, வருஷத்தில் ஒரு முறையோ இரு முறையோ கூட்டி, படிப்பின் போக்கைக் குறித்து அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்கிறது. நகர நிர்வாகிகள், சர்க்கார் இலாகாத் தலைவர்கள், தர்ம ஸ்தாபனங்களை நடத்துவோர், பழைய மாணாக்கர்கள் ஆகியோர் அதில் அங்கம் வகிப்பது வழக்கம். ஆசிரியரை நியமிக்கவோ நீக்கவோ அவர்களுக்கு அதிகாரமில்லை. பரீக்ஷையில் ஒருவனைத் தேறச் செய்யவும் அதிகாரமில்லை. அதிகாரமில்லாத சபையால் என்ன பிரயோஜனம் என்று நமது நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண்பதே நமது நோக்கம்.

அமெரிக்காவில் தோன்றிய விதம்

இத்தகைய சபைகள் நன்கு வேரூன்றியிருக்கும் தேசம் அமெரிக்கா. அதற்குக் காரணமுண்டு. அங்கே நிர்வாகக் கல்வி கலாசாலை மண்டபத்தில் பிறந்ததன்று. நகர ஆட்சியின் சீர்கேட்டைக் கண்டு பொறாத பிரஜைகளின் முயற்சியில் பிறந்தது. 1906-ஆம் வருஷத்தில் நியூயார்க் நகரில் நகராட்சி ஆராய்ச்சி நிலையம் என்ற ஸ்தாபனம் தோன்றிற்று. வில்லியம் ஆலன், ஹென்றி புரூயர், பிரெடரிக் கிளீவ்லந்து என்னும் மூவர் அதன் தலைவர்களாக இருந்தனர். நகரத்தின் வரவு செலவுக் கணக்கை ஆராய்ந்து, ஜனங்கள் கொடுக்கும் வரிப் பணம் எவ்வாறு செலவாகிறது என்பதை ஜனங்களுக்கே எடுத்துக் காட்டுவது அவர்கள் மேற்கொண்ட பணி.

கணக்கைப் பரிசோதித்தால் மட்டும் போதாது, கணக்கை ஒழுங்காக நடத்தத் தெரிந்தவர்களும் வேண்டும் என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். 1911-ல் பொது ஊழியத்துக்கென ஒரு பயிற்சிப் பள்ளியை அந்நிலையம் ஆரம்பித்தது. காலஞ்சென்ற ரெயில்வே அதிபர் ஹாரிமனின் மனைவியார் மேரி ஹாரிமன் அதற்குப் பொருளுதவி செய்தார். அப்பள்ளியின் மாணாக்கர்கள் நகர இலாகாக்களுக்கே சென்று, அங்கு நடக்கும் வேலையை நேரில் பார்த்தும் ஆராய்ந்தும் கற்றனர். அவர்களுக்கு நகரமே பாடபுஸ்தகம்.

1924-ல் ஒரு முக்கியமான மாறுதல் நிகழ்ந்தது. ஸிராகியூஸ் ஸர்வகலாசாலையில், அதன் பழைய மாணாக்கரும் பேடண்டு வக்கீலுமான ஜார்ஜ் மாக்ஸ்வெல் என்பவரின் நன்கொடையைக் கொண்டு, குடிமைக்கும் பொது விவகாரங்களுக்குமான ஒரு கல்லூரி நிறுவப்பட்டது. நியூயார்க் பயிற்சிப் பள்ளியின் போதனா வேலை அங்கே மாற்றப்பட்டது. வில்லியம் மோஷர் என்பவர் அதன் முதல் தலைவரானார். பொது நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம் அளிக்கும் படிப்பு அங்கே தொடங்கிற்று. இதனால் அக்கல்விக்குக் கௌரவம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவரை நகரசபைக் காரியாலயத்துக்குள் இருந்த கல்வி, அக்காரியாலயத்தை விட்டு வெளியேறியதும் அன்றுதான். கௌரவம் கிடைத்தது; அருகாமை போயிற்று. போன அருகாமையை மீட்பதற்காகவே ஆலோசனைச் சபை வேண்டியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

கான்ஸஸ் ஸர்வகலாசாலையின் உதாரணத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்க நகரங்கள் பலவற்றில், ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை கொள்கைகளை வகுக்கும். அவற்றை நடத்தி வைக்கப் பயிற்சி பெற்ற ஒரு மானேஜரை அச்சபையே நியமிக்கும். இத்தகைய நகர மானேஜர்களைத் தயாரிப்பதற்கென எட்வின் ஸ்டீன் என்ற ஆசிரியர் 1948-ல் அங்கு ஒரு படிப்பை ஏற்படுத்தினார். அதில் தேறியவர்கள் பல நகரங்களில் மானேஜர்களாக அமர்ந்தனர். பின்பு தமக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு, தமக்குப் பின் வரும் மாணாக்கர்களுக்குக் கைகொடுத்து வருகிறார்கள். சபையென்று பெயர் வைத்தாலும் வைக்காவிட்டாலும், ஆலோசனைச் சபையின் ஜீவன் இதுவே.

சபை செய்யும் உதவி

ஆலோசனைச் சபை ஒரு நிர்வாகப் படிப்புக்கு எவ்வாறு உதவுகிறது? ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். சபையின் அங்கத்தினரான ஒரு நகர நிர்வாகி பின்வருமாறு சொல்லுகிறார்: "உங்கள் கலாசாலையிலிருந்து எங்களிடம் வேலைக்கு வரும் இளைஞர்கள் நன்றாகக் கட்டுரை எழுதுகிறார்கள், ஆனால் வரவு செலவுத் திட்டத்தைக் கையில் கொடுத்தால் திகைக்கிறார்கள். குடிநீர்க் குழாய் பதிக்கும் ஒப்பந்தத்தைப் படித்து, அதில் நகரசபைக்கு நஷ்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அவர்களுக்குத் தெரியவில்லை." இந்த ஒரு வாக்கியத்தை எந்தப் புஸ்தகத்திலிருந்தும் பேராசிரியர் பெற முடியாது. அதைக் கேட்டபின் அடுத்த வருஷத்துப் பாடத் திட்டத்தில் நகர நிதிக்கும் ஒப்பந்தங்களுக்கும் அதிக இடம் கொடுப்பதா, எதைக் குறைத்து அந்த இடத்தைக் காண்பது என்பன ஆசிரியர்கள் தீர்மானிக்க வேண்டியவை. குறையைக் காட்டுவது சபையின் வேலை. பரிகாரத்தை அமைப்பது ஆசிரியரின் வேலை.

அதே அங்கத்தினர் குறை கூறுவதோடு நின்றுவிடாமல், வரவு செலவுத் திட்டம் தயாராகும் பருவத்தில் இரண்டு மாணாக்கர்களைத் தம் காரியாலயத்தில் வைத்துப் பழக்குகிறார். வரி பாக்கி எப்படிச் சேருகிறது, மனு எந்த மேஜையில் தங்குகிறது, தங்குவதற்குக் காரணம் சோம்பலா, விதியா, வேறொன்றா என்பதையெல்லாம் மாணாக்கர்கள் கண்ணாரக் காண்கிறார்கள். மற்றோர் அங்கத்தினர் தம் இலாகாவில் உண்மையாகவே தீராத ஒரு பிரச்னையைக் கொடுத்து, படிப்பின் இறுதி ஆராய்ச்சிக்கு அதை எடுத்துக்கொள்ளும்படி சொல்லுகிறார். வேறொருவர் வகுப்பில் வந்து பேசுகிறார். இன்னொருவர் ஏழை மாணாக்கர்களுக்கு உபகாரச் சம்பளம் திரட்ட முன்வருகிறார். ஸர்வகலாசாலை அதிகாரிகள் சிக்கனம் என்ற பெயரால் இலாகாவின் ஆசிரியர் ஸ்தானங்களைக் குறைக்க முற்படும்போது, ஆசிரியர்கள் ஆட்சேபித்தால் அது சுயநலமென்று எண்ணப்படும். ஒரு சம்பந்தமுமில்லாத சபை ஆட்சேபித்தால் அதற்குக் காது கொடுத்தே ஆகவேண்டும்.

அமெரிக்காவில் பொது நிர்வாகப் பள்ளிகள் 1970-ல் தமக்குள் ஒரு சங்கம் ஏற்படுத்திக்கொண்டன. ஒவ்வொரு படிப்பையும் பரிசோதித்து அங்கீகாரம் அளிப்பது அச்சங்கத்தின் வேலைகளில் ஒன்று. 2009-ல் அது வகுத்த நியமங்களின்படி, ஒவ்வொரு படிப்பும் தன் லக்ஷியம் இன்னதென்று எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். அந்த லக்ஷியத்துக்கேற்ப மாணாக்கர்கள் தேறுகிறார்களா என்பதற்கு ருஜுவும் காட்டவேண்டும். பொது ஊழியத்தின் தர்மத்தை உணர்ந்து அநுஷ்டிப்பதும், பலதிறப்பட்ட ஜனங்களுடன் பேசிப் பழகத் தெரிவதும் அவர்கள் கட்டாயமாகக் கொள்ளும் தகுதிகளில் அடங்கும். இத்தகுதிகள் வந்தனவா என்பதைப் பரீக்ஷைத் தாளைப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்வோரும், அவர்களிடம் காரியத்துக்குப் போகிறவர்களுமல்லவா சொல்லவேண்டும்? ஆகையால் சபையின் சாட்சியத்துக்கு மதிப்பு ஏற்படுகிறது.

கட்டுப்படுத்தாத யோசனை

அதிகாரமில்லாத யோசனையை யார் மதிப்பார்கள் என்ற கேள்விக்கு இப்பொழுது வருவோம். சட்ட சரித்திரத்தில் இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 1898-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின்படி, ஸெஷன்ஸ் நீதிபதிகள் பல வழக்குகளை அஸெஸர்களை உடன் வைத்துக்கொண்டு விசாரித்தனர். அஸெஸர்களின் அபிப்பிராயம் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் ஒவ்வோர் அஸெஸரின் அபிப்பிராயத்தையும் கேட்டுப் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் விதித்தது. பதிவு செய்தபின் நீதிபதி தம் மனம் போல் தீர்ப்புக் கூறலாம். காலக்கிரமத்தில் இது வெறும் சடங்காகிவிட்டதென்று பலரும் கருதினர். 1955-ல் நிறைவேறிய திருத்தச் சட்டம் அம்முறையை ஒழித்துவிட்டது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? யோசனை கட்டுப்படுத்தாமலிருப்பது குற்றமன்று. பதில் பெறாமலிருப்பதே குற்றம். தான் சொன்னது ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா, தள்ளப்பட்டிருந்தால் ஏன் என்று தெரியாத மனிதன் மூன்றாவது கூட்டத்துக்கு வரமாட்டான். வந்தாலும் வாய் திறக்கமாட்டான். ஆகவே, சபையின் ஒவ்வொரு யோசனைக்கும் அடுத்த கூட்டத்துக்குள் காரணங்களுடன் எழுத்து மூலம் பதில் அளிக்கவேண்டும் என்று ஸர்வகலாசாலை ஒரு விதி செய்துகொள்ளுமானால், வேறு எந்த அதிகாரமும் சபைக்குத் தேவையில்லை. பதில் சொல்லக் கடமைப்பட்டவன் அலட்சியமாக இருக்க முடியாது.

அதிகாரம் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்போரும் உளர். அது தவறு. உத்தியோகஸ்தர்கள் நிறைந்த சபைக்குப் பாடத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தால், இன்று நடக்கும் நிர்வாகம் சரியா என்று கேட்கும் உரிமை ஆசிரியருக்குப் போய்விடும். இருப்பதை இருந்தபடி நடத்தக் கற்பது பயிற்சி. இருப்பது சரிதானா என்று விசாரிக்கக் கற்பதே கல்வி. நன்கொடை கொடுத்தவர் சபையில் உட்காரலாம். ஆனால் பணத்துக்காகப் பாடத்தை வளைக்கக் கூடாது.

சென்னையின் பழைய உதாரணம்

சபையில் யார் உட்காருகிறார்கள் என்பது அற்ப விஷயமன்று. நமது சென்னையிலேயே இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1812-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை ஏற்படுத்தினார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த இளம் ஸிவிலியன்கள் தமிழ், தெலுங்கு முதலிய பாஷைகளைக் கற்பதற்காக அது தோன்றிற்று. அதை மேற்பார்வை செய்ய ஒரு சபையும் ஏற்பட்டது. சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை அச்சபையின் உயிராக விளங்கினார். உத்தியோகத்தில் இருந்துகொண்டே கல்வியைக் கவனித்தவர்களின் சபை அது. அதனால் விளைந்த நன்மைகள் சாமானியமல்ல. பட்டாபிராம சாஸ்திரி போன்ற பண்டிதர்கள் அங்கே பணிபுரிந்தனர். நம் தேசத்து இளைஞர்களும் சட்டம் கற்று நியாயஸ்தல வேலைகளுக்குத் தயாராயினர். 1816-ல் வெளிவந்த காம்பெல் துரையின் தெலுங்கு இலக்கணத்துக்கு எல்லிஸ் எழுதிய குறிப்பில், தென்னிந்திய பாஷைகள் ஒரு தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்ற உண்மை நிலைநாட்டப்பட்டது.

இவ்வளவும் மெச்சத்தக்கதே. ஆயினும் அந்தச் சபையில் கம்பெனியின் வரியைக் கட்டிய குடியானவனுக்கு இடம் இருந்ததா? இல்லை. ஆளுவோர், ஆளப்போகிறவர்களைத் தயாரித்தனர். ஆளப்படுவோரின் குரல் அங்கே கேட்கவில்லை. அக்கல்லூரியில் கற்ற ஸிவிலியன் குடியானவனுடைய பாஷையைக் கற்றான். அவனிடம் வரி கேட்கவும் உத்தரவு போடவும் அது பயன்பட்டது. எந்தச் சபை யோசனை கூறுகிறதோ அந்தச் சபையின் கண்ணோட்டமே மாணாக்கனுடைய கண்ணோட்டமாகிவிடுகிறது. குடியரசாகிவிட்ட தேசத்தில் இதை மறந்துவிடலாகாது.

நம் நாட்டு நிலைமை

பொது நிர்வாகக் கல்வியில் சென்னை ஸர்வகலாசாலை பின்தங்கியதன்று. 1937-லேயே அது இப்பாடத்தில் ஒரு டிப்ளமா படிப்பை ஏற்படுத்திற்று. சுதந்திரத்துக்குப் பின், ஸிராகியூஸில் நாம் மேலே கூறிய அதே மாக்ஸ்வெல் கல்லூரியின் தலைவரான பால் ஆப்பிள்பி இந்திய சர்க்காரின் அழைப்பின்பேரில் வந்து, நமது நிர்வாகத்தை ஆராய்ந்து 1953-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அதன் யோசனைப்படி 1954 மார்ச்சு 29-ல் டில்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் தோன்றிற்று. ஜவாஹர்லால் நேரு அதன் முதல் தலைவர். யோசனை சொல்ல வந்த ஒருவரின் வார்த்தை ஒரு தேசிய ஸ்தாபனமாக உருவெடுத்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் அதன் பின் நேர்ந்தது என்ன? 1987 முதல் மத்திய பப்ளிக் ஸர்வீஸ் கமிஷனின் ஸிவில் ஸர்வீஸ் பரீக்ஷையில் பொது நிர்வாகம் ஒரு விருப்பப் பாடமாயிற்று. மாணாக்கர்கள் திரளாக அதை நாடினர். அதன் பலனாகப் பல இடங்களில் இப்பாடம் பரீக்ஷையைத் தாண்டும் ஏணியாகக் கருதப்படலாயிற்று. ஆயிரக்கணக்கானோர் ஏற முயலும் அந்த ஏணியில் சிலரே மேலே போகிறார்கள். மற்றவர்கள் கற்ற கல்வி எங்கே பயன்பட வேண்டும்? நகராட்சியில், பஞ்சாயத்து யூனியனில், கூட்டுறவு சங்கத்தில், தர்ம ஸ்தாபனத்தில் பயன்பட வேண்டும். 1992-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய 73, 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் கிராமந்தோறும் நகரந்தோறும் தேர்தல் மூலம் அமையும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அஸ்திவாரம் இட்டன. அவற்றில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாத ஸ்தானங்கள் பெண்களுக்கு உரியவை. இந்த ஸ்தாபனங்களுக்கெல்லாம் கணக்கும் சட்டமும் திட்டமிடுதலும் அறிந்த ஊழியர்கள் வேண்டாமா?

பாடத்திட்டக் குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். தன்னாட்சிக் கல்லூரிகளின் குழுக்களில் வெளி நிபுணர்களுக்கும், தொழில் துறைப் பிரதிநிதி ஒருவருக்கும், பழைய மாணாக்கர் ஒருவருக்கும் இடம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அக்குழுவின் கடமை பாடப் பட்டியலை அங்கீகரிப்பது. மாணாக்கனுக்குக் காரியாலயத்தில் இடம் தேடுவதும், தேறியவன் எங்கே போனான் என்று விசாரிப்பதும், இலாகாவுக்காக வெளியே வாதாடுவதும் அதன் வேலையல்ல. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது.

சபைகளெல்லாம் ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகஸ்தர்களின் மண்டபமாகிவிடும் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. பெரிய பெயர்களைக் கடிதத் தலைப்பில் அச்சிட்டுவிட்டு, அவர்களைக் கூட்டாமலே இருக்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. இதற்குப் பரிகாரம் சபையை ஒழிப்பதன்று, சரியாக அமைப்பது. அங்கத்தினர் எண்ணிக்கை பன்னிரண்டுக்கு மேற்பட வேண்டாம். மூன்று வருஷத்துக்கு மேல் ஒருவர் தொடர்ந்து இருக்க வேண்டாம். இரண்டு கூட்டங்களுக்குத் தொடர்ந்து வராதவரின் ஸ்தானம் தானே காலியாகட்டும். அதில் ஒரு நகராட்சிக் கமிஷனர் இருக்கட்டும். ஒரு பஞ்சாயத்துத் தலைவி இருக்கட்டும். கணக்குத் தணிக்கை அறிந்தவர் ஒருவரும், படிப்பை முடித்துச் சில வருஷங்களே ஆன பழைய மாணாக்கர் இருவரும் இருக்கட்டும்.

இவர்கள் எல்லோருக்கும் மேலாக, நிர்வாகத்தின் மேஜைக்கு வெளிப்புறத்தில் நின்று பழகியவர் ஒருவராவது இருக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தைக் கொண்டு ஊர்க் காரியங்களை விசாரித்து வருபவராகவோ, முதியோர் உதவிப் பணத்துக்கும் பட்டாவுக்கும் ஏழைகளுக்காக மனு எழுதிக் கொடுப்பவராகவோ அவர் இருக்கலாம். ஒரு மனு எத்தனை முறை திரும்பி வருகிறது என்பதைக் கமிஷனரைவிட அவர் நன்கு அறிவார். அவருக்கு விளங்கும்படி கூட்ட நடவடிக்கைகள் தமிழில் நடக்கட்டும். அவை அச்சிடப்பட்டு யாரும் பார்க்கும்படி வெளியாகட்டும்.

இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. பெரும் பணமும் வேண்டியதில்லை. இலாகாத் தலைவர் ஒருவருக்கு மனமிருந்தால் அடுத்த கல்வி வருஷத்திலேயே தொடங்கிவிடலாம். நமது நேயர்களில் நகரசபைகளிலும் பஞ்சாயத்துக்களிலும் ஊழியம் செய்வோர் பலர் உளர். ஸர்வகலாசாலை தம்மை அழைக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்க வேண்டாம். இரண்டு மாணாக்கர்களைத் தங்கள் காரியாலயத்தில் ஒரு மாதம் வைத்துப் பழக்கச் சித்தமாயிருப்பதாக இலாகாவுக்கு எழுதட்டும். பிரஜைகளுக்கு ஊழியம் செய்யப்போகும் இளைஞன், தன் கல்வியின்போதே பிரஜையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவன் பார்க்கும்படி செய்வது கலாசாலையின் கடமை. காட்டுவது நம் எல்லோருடைய கடமை.